அது பிற்பாடு வைத்தது

மனிதர்களில் அண்ணாந்தார் என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது. இனம் என் கற்பனை இல்லை. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். கடைத்தெருவில் ஜனங்கள் எல்லாம் சாமான் விலையைப் பார்த்து, எதிரே வரும் வண்டியைப் பார்த்து, காலடியில் கிடக்கும் பழத்தோலைப் பார்த்து நடந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் நடைபாதையின் நட்டநடுவில் நின்று, வாயை லேசாகத் திறந்து, எதிர்க் கட்டடத்தின் உச்சியில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் நின்று பார்ப்பீர்கள். தீப்பிடித்துவிட்டதோ, யாராவது குதிக்கப் போகிறார்களோ என்று நினைப்பீர்கள். ஒன்றும் இருக்காது. ஒரு ஜன்னல் இருக்கும். ஜன்னலுக்கு மேல் ஒரு புறா இருக்கும். புறாவைக்கூட அவர் பார்க்கவில்லை. புறா உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்புப் பூவேலையைப் பார்க்கிறார்.

நீங்கள் நின்றீர்கள் அல்லவா, அதுதான் நீங்கள் செய்த தப்பு.

"நல்லா பாருங்க," என்பார், உங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர் மாதிரி. "இடது பக்கம் இருக்கிற பூ அசல். வலது பக்கம் இருக்கிறது பிற்பாடு வெச்சது."

அவ்வளவுதான், உங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போகும்.

அண்ணாந்தாருக்கு எல்லாப் பழைய கட்டடமும் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டை, அரண்மனை என்றால் முகத்தைச் சுளிப்பார். அங்கே கதை சொல்வதற்கென்றே சீருடை போட்ட ஆள் நிற்கிறான். இவருக்கு அங்கே என்ன வேலை? அவருடைய உயிர் எல்லாம் பழைய வியாபாரக் கட்டடங்களில்தான் இருக்கிறது. யாரோ ஒரு எண்ணெய் வியாபாரி, யாரோ ஒரு தோல் மண்டிக்காரர், நாலு காசு கையில் சேர்ந்ததும் பக்கத்துக் கடைக்காரன் வயிறு எரியவேண்டும் என்பதற்காகவே கட்டி எழுப்பிய மூன்று மாடி. கீழே கடை, நடுவில் கணக்கர்கள், மேலே சரக்கு. எல்லோரும் தினமும் கடந்துபோகிறோம், யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அதில் அவருக்கு ருசியே.

அவரோடு குடும்பமாகக் கடைக்குப் போவது ஒரு தனி அனுபவம். மனைவி பேசிக்கொண்டே நடப்பாள். இரண்டு கடை தாண்டி, "நான் சொல்றது சரிதானே?" என்று திரும்பினால், பக்கத்தில் யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதர் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருப்பார். புருஷன் பின்னால், தூரத்தில், ஒரு சுவரோடு காது வைத்து நின்றுகொண்டிருப்பார்.

பணம் எடுக்க வங்கிக்குப் போனால் வரிசையில் நிற்கமாட்டார். சுவரோரமாகப் போய் விரலை மடக்கித் தட்டுவார். காவலாளி பின்னாலேயே வருவார்.

"என்ன சார் தட்றீங்க?"

"இந்தச் சுவருக்குப் பின்னால ஒரு ரகசிய அறை இருக்கணும்."

இருக்கிறதுதான், காவலாளிக்கும் தெரியும். வங்கியின் பணம் முழுக்க அந்த அறையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு மேலாளரிடம் நான் போய் விளக்கம் சொல்லி அவரை அழைத்துவர வேண்டியிருந்தது.

ஆம், நான்தான் போனேன். ஏனென்றால் நான் சொல்லும் அண்ணாந்தார் வேறு யாரும் இல்லை. என் அக்காவைக் கட்டிய அத்தான்.

அத்தானுக்குத் தொழில் பல் வைத்தியம். இதைவிடப் பொருத்தமான தொழிலை ஓர் அண்ணாந்தாருக்கு ஆண்டவன் கொடுத்திருக்க முடியாது. பகலெல்லாம் மற்றவர்களை அண்ணாந்து படுக்கவைப்பார். மாலையில் தான் அண்ணாந்து நிற்பார். பல்லில் எது அசல், எது கட்டியது என்று பார்க்கிற கண்ணும், கொக்கிபோல வளைந்த ஊசியும், நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியும் கட்டடத்துக்கும் அப்படியே உதவின. ஜன்னல் விளிம்புக்குப் பின்னால் பார்க்க அந்தக் கண்ணாடி. பெயின்டைச் சுரண்டி அடியில் என்ன நிறம் என்று பார்க்க அந்த ஊசி. இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்த பிறகுதான் அடுத்த வாய்க்குக் கொண்டுபோவார் என்று அக்கா சத்தியம் செய்கிறாள். நான் வேறு வைத்தியரிடம் போகிறேன். போதாக்குறைக்கு, சட்டைப்பையில் ஒரு காந்தம். தூண் இரும்பா, இரும்பு மாதிரி வேஷம் போட்ட மரமா என்று ஒட்டிப் பார்க்க.

அவருடைய நோயாளிகளைப் போலப் பரிதாபமான ஜீவன்கள் உலகத்தில் கிடையாது. வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதனால் குறுக்கே பேச முடியாது அல்லவா? கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே அத்தான் ஒரு கட்டடத்தின் முழு வரலாற்றையும் அடித்தளத்திலிருந்து ஆரம்பிப்பார். கூரையைப் போட்டுமுடிக்கும் வரை பல்லும் முடியாது. ஒருவர் வலி பொறுக்காமல் "ஆ" என்றாராம். "நீங்க ஆச்சரியப்படுறது நியாயம்தான்," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம் அத்தான்.

என் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும் பொறுப்பை அவராகவே ஏற்றுக்கொண்டார். மண்டபம் பழைய தானியச் சந்தை. அது எனக்கு அப்போது தெரியாது. போட்டோக்களில் மண்டபத்தின் மேற்கூரை ஆணி ஆணியாக, விட்டம் விட்டமாக விழுந்திருக்கிறது. அடியில், ஓரமாக, என் நெற்றியும் என் மனைவியின் தலையில் இருந்த பூவும் தெரிகின்றன. என் பெண் அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க கல்யாணத்துக்கு நீங்க போகலையா?" என்று கேட்டாள்.

இனி அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கடைத்தெரு முனையில் இருந்தது. கயிற்று மாளிகை என்று பெயர். கப்பல்காரர்களுக்குக் கயிறு விற்றே பணக்காரரான ஒரு வியாபாரி, எதிர்த்த பக்கத்து விளக்கெண்ணெய் வியாபாரி இரண்டு மாடி கட்டிவிட்டான் என்ற ஆத்திரத்தில் மூன்று தளமாகக் கட்டியது. தரையில் தூண் வரிசை வைத்துப் பெரிய கண்ணாடிக் கடை. முதல் மாடியில் கணக்கர்கள் உட்கார்ந்து எழுத, வளைவு வைத்த உயரமான ஏழு ஜன்னல்கள். அதற்கு மேல் கயிற்றுச் சுருள்களை வைக்க ஒரு தளம். உச்சியில், சுருள்களைத் தெருவிலிருந்தே தூக்கிக்கொள்ள வெளியே நீட்டிய ஒரு விட்டமும் கப்பியும். தன் தொழிலை ஊர் மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சுண்ணாம்பிலேயே கயிறு முறுக்கி, அடியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கயிற்றுக்காரர் போய், ஏலக் கம்பெனி வந்து, அது போய் ஒரு வங்கி வந்து, வங்கி போய் டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வந்து, அதுவும் போய், கடைசியில் முதல் மாடிக்கு என் அக்காவின் தையல் கடை வந்தது.

கடையைப் பிடித்துக் கொடுத்தவரே அத்தான்தான். "படி ஏறி யார் வருவாங்க?" என்று அக்கா முதலில் சண்டை பிடித்தாள். உள்ளே போய் அந்த ஜன்னல்களுக்கு முன்னால் நின்றதும் சண்டையை நிறுத்திவிட்டாள். ஊரில் வேறெங்கும் கிடைக்காத வெளிச்சம் அங்கே இருந்தது. கருநீலத்துக்குக் கருநீல நூல், கறுப்புக்குக் கறுப்பு நூல் என்று சந்தேகமில்லாமல் எடுக்கலாம். தையல்காரிக்கு அதுதான் மூலதனம். மூன்று ஜன்னலுக்கு மூன்று மெஷின் போட்டாள். அவளோடு மூன்று பெண்கள் தைத்தார்கள். ஊரில் நல்ல கோட்டு வேண்டுமென்றால் ஜனங்கள் மூச்சு வாங்க அந்தப் படியை ஏறினார்கள்.

அத்தானுக்கு வந்த வாழ்வைக் கேட்க வேண்டுமா? பெண்டாட்டியைப் பார்க்க வருகிற சாக்கில் தினமும் மாலையில் வந்து கட்டடத்தைப் பார்த்தார். அக்கா தேநீரை ஜன்னல் வழியாகக் காட்டுவாள். அவர் கீழே தெருவில் நின்று ஜன்னலைத்தான் பார்ப்பார், தேநீரைப் பார்க்கமாட்டார்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கும்போது கட்டட முதலாளிக்கு ஆசை வந்தது. டயர் வியாபாரி. பழையதை இடித்துவிட்டுக் கண்ணாடியாலேயே ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்று நகரசபையிடம் அனுமதி கேட்டார். அங்கே அதற்கென்று ஒரு குழு இருந்தது. முகப்பில் பாதிக்கு மேல் அசலாக இருந்தால் யாரும் கைவைக்க முடியாது. இல்லாவிட்டால் முதலாளியின் இஷ்டம். குழு நேரில் வந்து பார்க்கும் என்று சொன்னார்கள். கட்டடத்தின் வரலாறு தெரிந்தவர் என்று ஒருவரை அழைக்க வேண்டுமாம். இத்தனை வருஷமாகக் கூப்பிடாமலே அந்த அலுவலகத்துக்குப் போய் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவரை அவர்கள் எப்படி மறப்பார்கள்? அத்தானை அழைத்தார்கள்.

எங்களுக்கு உயிர் வந்தது. இந்தக் கட்டடத்தை இவரைவிட நேசிக்கிற மனிதர் உலகத்தில் உண்டா? கடை பிழைத்தது என்று தையல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை வைத்தாள்.

"யார் என்ன கேட்டாலும், ‘ரொம்பப் பழைய கட்டடம், அப்படியே இருக்கு’ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"ரொம்பப் பழைய கட்டடம்," என்றார் அத்தான் சமர்த்தாக. "ஆனா..."

"அந்த ‘ஆனா’வை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க."

"அப்படியே இருக்குன்னு எப்படிச் சொல்றது? கூரை ஒரு தடவை..."

"கூரையப் பத்தி யாரும் கேக்கல."

"கேட்டா?"

"பல் வலிக்குதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பக்கத்துலயே நில்லு. வாயைத் திறந்தா கையைக் கிள்ளு. ரத்தம் வந்தாலும் பரவாயில்ல," என்றாள்.

குழு வந்தது. தலைவியாக ஒரு அம்மாள்; நல்ல மாதிரி, படி ஏற வேண்டுமா என்று மட்டும் கவலைப்பட்டார். பக்கத்தில் ஒரு பேராசிரியர், கையில் மடக்கிய குடை. குடை மழைக்கு இல்லை, சுட்டிக்காட்ட. அவரைப் பார்த்ததுமே அத்தானின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டியிலிருந்து இறங்கிய மனிதர் தரையைப் பார்க்கவே இல்லை, நேராக மேலே பார்த்தார். இவரும் அதே இனம். இந்த இனத்தில் இரண்டு பேர் ஒரே கட்டடத்துக்கு முன்னால் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையே? ஒருவர் கழுத்தை மற்றவர் பார்ப்பார். வணக்கம் சொல்வார்கள். அதோடு மரியாதை முடிந்தது.

டயர் முதலாளியும் ஓர் இன்ஜினீயரைக் கூட்டிவந்திருந்தார். இன்ஜினீயரின் கையில் பெரிய வரைபடச் சுருள் இருந்தது. கட்டடம் எவ்வளவு மட்டம் என்று நிரூபிக்கக் கொண்டுவந்தது. அதை அவிழ்க்க அவருக்கு வேலையே வரவில்லை.

பேராசிரியர் எங்கள் பக்கம். அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தைக் காப்பாற்றியே தீருவது என்று வந்தவர் அவர். கீழே இருந்த ஒரு தூணைக் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு, "மேடம், இது வார்ப்பிரும்பு. அந்தக் காலத்துல கடைக்கு இரும்புத் தூண் வெச்ச முதல் ஆள் இவராத்தான் இருக்கணும். எல்லாம் அசல்," என்றார்.

அத்தானின் உடம்பு லேசாக அதிர்ந்தது. நான் கிள்ளினேன். அடங்கினார்.

"அந்தச் சுண்ணாம்புக் கயிறுகளைப் பாருங்க. ஒரே கை, ஒரே காலம்."

அத்தானின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நான் மறுபடி, இன்னும் பலமாக, கிள்ளினேன்.

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தலைவியம்மாள் அவரிடம் திரும்பினார்.

"ரொம்பப் பழைய கட்டடம்," என்றார் அத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்படியே இருக்கு."

என் அத்தானை அன்று நான் எவ்வளவு மெச்சினேன் தெரியுமா? மேலே ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. அத்துடன் எல்லோரும் வண்டியில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பேராசிரியர் குடையை ஊன்றிக்கொண்டு, பெருந்தன்மையாகச் சிரித்து, ஒரு வார்த்தை சொன்னார்.

"இதோட நுணுக்கமெல்லாம் சாதாரண ஆளுங்க கண்ணுக்குத் தெரியாது, மேடம்."

"ஆனா," என்றார் அத்தான்.

நான் கிள்ளினேன். ரத்தமே வந்தது. யாருக்கு உறைத்தது?

"ஆனா மேடம், ஒரு நிமிஷம்." சட்டைப்பையிலிருந்து காந்தம் வெளியே வந்தது. அதைப் பேராசிரியர் அணைத்திருந்த தூணின்மேல் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் டக்கென்று தரையில் விழுந்து உருண்டு, டயர் முதலாளியின் செருப்புக்கு முன்னால் போய் நின்றது. அடுத்த தூணிலும் விழுந்தது, அதற்கடுத்ததிலும் விழுந்தது. "மரம். பெயின்ட் அடிச்ச மரம். இதெல்லாம் பிற்பாடு வெச்சது."

"அப்படிச் சொல்லிட முடியாது..." என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

அத்தான் காதில் எதுவும் விழவில்லை. பின்னால் நகர்ந்து, நடுத்தெருவுக்கே போய், வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, நீளக் காம்புக் கண்ணாடியை நீட்டி எட்டு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். "கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கு பாருங்க. கயிறு வியாபாரி வலது முறுக்கு தவிர வேற போடவே மாட்டார். அது வலது. அது இடது, அதுவும் இடது. தீ விபத்துல உதிர்ந்துபோனதை அச்சுல வார்த்து ஒட்டினவன், அச்சைத் திருப்பிப் போட்டுட்டான். உச்சியில வருஷம் எழுதியிருக்கே, அது எதிர்க் கடையைவிடப் பழசுன்னு காட்டப் பேரன் எழுதினது. கூரை..."

"சார்," என்றார் பேராசிரியர், கெஞ்சுகிற குரலில், "நாங்க இதைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்."

"காப்பாத்துங்க. யார் வேண்டாம்னா? தப்பான காரணத்துக்குக் காப்பாத்தாதீங்க."

தலைவியம்மாள் பேனாவை எடுத்தார். "அப்போ முகப்புல பாதிக்கு மேல பிற்பாடு வெச்சதுன்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம், மேடம்," என்றார் அத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

உடனே அவருக்கு அடுத்த விஷயம் நினைவுக்கு வந்தது. மாற்றி மாற்றி ஒட்டியதுதான் இந்தக் கட்டடத்தின் அழகே, ஒவ்வொரு வியாபாரியும் தன் காலத்தை இதன்மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறான், அதற்காகவே இதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். நல்ல பேச்சு. கேட்டால் யாருக்கும் மனம் இளகியிருக்கும். ஆனால் குழு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியின் முதுகுக்குத்தான் அதைச் சொன்னார். டயர் முதலாளி மட்டும் நின்று முழுதாகக் கேட்டார். காந்தத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்து, தனக்கு வந்த தேநீரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது அவரை நாலு அறை விடவேண்டும் போலிருந்தது. மூத்தவர் என்பதால் விட்டேன்.

மேலே போனோம். மெஷின்கள் நின்றிருந்தன. தையல் பெண்கள் எங்களைப் பார்க்காமல் நூல்கண்டுகளைப் பார்த்தார்கள். அக்கா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அந்தப் பேராசிரியர் வாயே திறக்கல," என்றார் அத்தான்.

"சரி. அந்தத் துணியையெல்லாம் மடிங்க. எடுத்து வைக்கணும்."

மடித்தார். மடிக்க மடிக்கத்தான் அவருக்குப் புரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு கட்டடத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே நடந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மெதுவாக என் தோளைத் தொட்டு, "ஆனா மாப்ள, அந்த முறுக்கு விஷயத்துல நான் சொன்னது சரிதானே?" என்றார்.

அக்கா பின்தெருவில் ஒரு கடை எடுத்தாள். படி ஏற வேண்டாம். அது ஒன்றுதான் லாபம். ஜன்னல் இல்லை. பகலிலும் டியூப்லைட். மூன்று மெஷினில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. தையல் பெண்களில் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். கருநீலக் கோட்டுக்குக் கறுப்பு நூல் போட்டுவிட்டாள் என்று ஒரு பழைய வாடிக்கைக்காரர் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு நூலையும் தெருவுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து தைத்தாள். ஊரிலேயே நேர்த்தியாகத் தைக்கிறவளை இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் ஓடவிட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இடிப்பு ஆரம்பித்ததும் அத்தான் தினமும் போய் நின்றார். துக்கம் விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம், நோயாளியை நாற்காலியில் வாய் திறந்தபடி அப்படியே விட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டோடு, தூசியும் சந்தோஷமுமாக அக்காவின் கடைக்குள் ஓடிவந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"தெரியுமா விஷயம்? தூணை உடைச்சாங்க. மரம் வெறும் உறை. நாலு பக்கமும் கனமா பலகை அடிச்சு மூடி வெச்சிருக்காங்க. உள்ள இரும்பு. அசல் வார்ப்பிரும்பு. தலையில கயிறு முடிச்சு வேற போட்டிருக்கான், வலது முறுக்கு. பலகை கனத்துலதான் காந்தம் ஒட்டல. உறைதான் பிற்பாடு வெச்சது. தூண் எல்லாமே அசல்."

அக்கா வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்தாள்.

"எல்லாத் தூணுமா?"

"எல்லாத் தூணும்."

"அதையும் சேர்த்திருந்தா, முகப்புல பாதிக்கு மேல அசலா வந்திருக்குமா?"

அத்தானின் உதடுகள் அசைந்தன. தூணையும் ஜன்னலையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், நடுவில் நின்றுபோனார். முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துவிட்டது. ஒரு கட்டடத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லாததை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

"வந்திருக்கும்," என்றார்.

அக்கா ஒரு துணித்துண்டையும் இரண்டு நூல்கண்டுகளையும் அவர் கையில் வைத்தாள். "இதுல எது கருநீலம், எது கறுப்புன்னு வெளிச்சத்துல பாத்துட்டு வாங்க."

இன்றைக்கும் அது அவர் வேலை. மாலையில் நோயாளிகளை முடித்துவிட்டு வந்து, நூலும் துணியுமாகத் தெருவில் போய் நிற்கிறார். ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறார். நூலைத் துணிமேல் வைத்துக் குனிந்து பார்க்கிறார். எதிரில் ஒரு பழைய சாக்கு மண்டி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கழுத்து மெல்ல மெல்ல மேலே போகிறது. தெருவில் போகிற யாரோ ஒருவர் நின்று தானும் அண்ணாந்து பார்க்கிறார். உள்ளே அக்கா ஊசியைப் பிடித்தபடி நூலுக்குக் காத்திருக்கிறாள்.

இவ்வளவு நேரம் அத்தானைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிப்பதற்குத்தான் எழுதினேன். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கயிற்று மாளிகையின் முதல் மாடிக்கு ஏழு ஜன்னல்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். குழு வந்த அன்று எட்டு ஜன்னல்கள் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் கவனிக்கவில்லையா? நல்லது, உங்கள் வீட்டார் கொடுத்துவைத்தவர்கள். கவனித்தீர்களா? கவனித்து, இவனுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்து, பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்து, சரிதான் என்று கண்டதும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஏற்பட்டு, அந்தக் குளிர்ச்சியிலேயே என் அக்காவுக்குக் கடை போன இடத்தை ஓட்டமாகப் படித்துக் கடந்துவிட்டீர்களா? அப்படியானால் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கும்.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அந்த எட்டாவது ஜன்னல் பிற்பாடு வைத்தது.